மோட்டார் பாகப்பிரிவினை

பாகப்பிரிவினை என்றால் நம்மவர்களுக்கு நிலமும் நகையும் பாத்திர பண்டங்களுந்தான் நினைவுக்கு வரும். அண்ணனுக்கு நஞ்சை, தம்பிக்குப் புஞ்சை, கிணறு இருவருக்கும் பொது என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, அப்புறம் அந்தக் கிணற்றுக்காக முப்பது வருஷம் வழக்காடுவது நமது புராதன வழக்கம். ஆனால் ஒரு மோட்டார் வண்டியைப் பாகம் பாகமாகப் பிரிக்கலாமா, கூடாதா என்ற கேள்வி பிறந்தால் எந்த வக்கீலிடம் போவது? 2025-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி பிறந்தது. ஐப்பசி வரையில் அது வீட்டில் ஒருவரையும் நிம்மதியாகச் சாப்பிட விடவில்லை.

வண்டி, 1985-ஆம் வருஷத்து அம்பாஸிடர். மார்க் 4 என்பது அதன் கோத்திரம். பெட்ரோல் குடிக்கும் ஜாதி. என் தகப்பனார் சைதாப்பேட்டையில் வைத்தியம் பார்த்து வந்தவர். பணம் கட்டிப் பதிவு செய்துவிட்டு, வண்டி வருகிறது வருகிறது என்று வருஷக் கணக்கில் வாசலைப் பார்த்துக் கொண்டிருந்து வாங்கினார். அதற்குள் 1983 டிசம்பரில் மாருதி வண்டி வந்துவிட்டது. "டாக்டர் ஸார், சின்ன வண்டி வந்திருக்கிறதே, யானையை எதற்குக் கட்டித் தீனி போட வேண்டும்?" என்று தெருவில் கேட்காதவர் இல்லை. "நோயாளியைப் படுக்க வைத்துக் கொண்டு போக யானைதான் சௌகரியம்" என்று அவர் பதில் சொல்லுவார். அது வெறும் பேச்சல்ல. பின்னால் நீள ஆசனம், முன்னாலும் நீள ஆசனம். கியர்த் தண்டு தரையில் நின்று இடத்தை அடைத்துக் கொள்ளாமல் ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒட்டிக் கொண்டிருக்கும். நடுராத்திரியில் அந்த ஆசனத்தில் படுத்தபடி ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணிகள் எத்தனை பேர் என்பது என் தாயாருக்குத்தான் தெரியும்.

அம்பாஸிடரின் பூர்வோத்தரத்தை இளைய தலைமுறையினருக்காக இரண்டு வரியில் சொல்லி விடுகிறேன். இங்கிலாந்தில் 1956-ல் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசை என்று ஒரு வண்டி வெளிவந்தது. மூன்று வருஷத்துக்குள் அந்நாட்டார் அதை மூட்டை கட்டி விட்டார்கள். அதே வண்டியைத்தான் வங்காளத்தில் உத்தர்பாராவிலிருந்த ஹிந்துஸ்தான் மோட்டார் தொழிற்சாலை 1957 முதற்கொண்டு அம்பாஸிடர் என்ற பெயரில் செய்யத் தொடங்கி, 2014-ஆம் வருஷம் மே மாதம் வரையில் செய்து கொண்டே இருந்தது. மந்திரியும் கலெக்டரும் வாடகைக்கார டிரைவரும் ஒரே மாதிரி வண்டியில் போன காலம் அது. இது சமத்துவமா, வேறு வண்டி கிடைக்காத கொடுமையா என்று இன்னும் தர்க்கம் செய்கிறார்கள். செய்யட்டும்.

எங்கள் வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். நமது நாட்டில் 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வண்டியைக் கொண்டு போய்க் காட்டிப் புதுப்பித்துக் கொள்ள வேண்டும். எங்கள் வண்டிக்கு இந்தச் சடங்கு 2000, 2005, 2010, 2015, 2020 என்று ஐந்து முறை நடந்தது. அடுத்த முறை 2025 நவம்பரில். கடைசியாக 2020-ல் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அது 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், இருபது வருஷத்தைத் தாண்டிய கார்களுக்குப் பத்தாயிரம் என்று சர்க்கார் உத்தரவு வெளியாயிற்று. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த அன்றுதான் என் மனைவி, "வண்டி விஷயமாக என்ன உத்தேசம்?" என்று முதல் முதலாகக் கேட்டாள்.

கேள்வி ஒன்றுதான், அபிப்பிராயங்கள் வீட்டில் உள்ள தலைகளைக் காட்டிலும் அதிகம். அடுத்த வீட்டுக்காரர், "பதினைந்து வருஷம் ஆன வண்டியைச் சர்க்கார் பிடுங்கிக் கொண்டு போய் நசுக்கி விடுவார்களாமே?" என்று துக்கம் விசாரிக்கும் குரலில் கேட்டார். இப்படி நம்புகிறவர்கள் ஊரில் அநேகர். டில்லிப் பட்டணத்திலும் அதன் சுற்றுப்புறத்திலும் காற்றுக் கெட்டுப் போனதை உத்தேசித்துப் போட்ட தடையை நாடு முழுவதற்கும் பொதுவென்று எண்ணிக் கொள்வதால் வரும் பயம் இது. சர்க்காருடைய சொந்த வாகனங்களுக்குப் பதினைந்து வருஷத்தோடு ஆயுள் முடிந்தது என்று 2023 ஏப்ரலில் விதி வந்தது உண்மை. நம்மைப் போன்றவர்கள் வண்டிக்குத் தகுதி இருந்து, கட்டணத்தையும் கட்டினால், தமிழ்நாட்டில் வயது ஒன்றையே காரணமாகச் சொல்லி யாரும் பிடுங்குவதில்லை.

கோயமுத்தூரிலுள்ள என் தம்பி ஒரு யோசனை சொன்னான். ஐம்பது வருஷம் ஆன வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து கொள்ளலாம் என்று 2021-ல் விதி வந்திருக்கிறது. நம்முடையதற்கு நாற்பது ஆகிவிட்டது. இன்னும் பத்தே வருஷம் பொறுத்தால் அது புராதனப் பொருளாகி விடும் என்பது அவன் கணக்கு. அவனுக்கென்ன, கோயமுத்தூரில் இருந்துகொண்டு பொறுத்திருக்கலாம். அந்த விதியைத் தேடிப் படித்தபோது, உடற்கூடும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாமல் பழைய நிலையிலேயே இருக்க வேண்டும் என்றும், அப்படிப் பதிவான வண்டியைக் கண்காட்சிக்கும் ஊர்வலப் பந்தயத்துக்கும் தவிர அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது என்றும் கண்டிருந்தது. வைத்தியர் வண்டி கண்காட்சிக்குப் போவதை என் தாயார் ஒப்புக் கொள்ளவில்லை.

இவ்வளவு பேச்சும் வண்டியின் தலைமாட்டில் நின்று கொண்டு பேசியதே தவிர, அதன் நாடியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. அதற்காகத்தான் மெக்கானிக் பாயை அழைத்தோம். முப்பது வருஷமாக அந்த வண்டியைக் கவனித்து வருகிறவர். அவருடைய வாப்பாதான் எங்கள் தகப்பனாருக்கு வண்டியைத் திறந்து மூடக் கற்றுக் கொடுத்தவர்.

பாய் வந்ததும் என்ஜினைக் கிளப்பிப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என்ஜின் மூடியைத் தொடக்கூட இல்லை. ஒரு திருப்புளியையும் சிறு சுத்தியலையும் எடுத்துக் கொண்டு தரையில் படுத்து, வண்டியின் வயிற்றுக்கடியில் நுழைந்தார். 'டங், டங்' என்று தட்டிக் கொண்டே போனார். சில இடங்களில் சுத்தமான இரும்பு ஓசை கேட்டது. கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தருகில் வந்ததும் ஓசை மாறி, 'தொப், தொப்' என்றது; நனைந்த அட்டையைத் தட்டினாற்போல. திருப்புளியை அங்கே வைத்து அமுக்கினார். அது பிடி வரையில் உள்ளே போய்விட்டது. பிறகு ஜாக்கியை வைத்து ஒரு பக்கத்தை மெள்ளத் தூக்கி, பின் கதவைத் திறந்து மூடச் சொன்னார். நன்றாக மூடிக் கொண்டிருந்த கதவு அப்போது மூடவில்லை. விரற்கடை அளவு இடித்துக் கொண்டு நின்றது.

"பார்த்தீங்களா ஸார்? இடுப்பு விட்டுப் போச்சு" என்றார் பாய்.

இந்த வார்த்தையின் அர்த்தம் எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் விளக்கிச் சொன்னார். லாரியிலும் பழைய ஜீப்பிலும் அடியில் ஏணி மாதிரி கனமான இரும்புச் சட்டம் ஒன்று தனியாக இருக்கும். மேலே உள்ள உடலைக் கழற்றி வேறு உடல் வைத்துக் கொள்ளலாம். அம்பாஸிடரில் அப்படி ஏணி கிடையாது. தரையும், பக்கப் பெட்டிகளும், தூண்களும், கூரையும் ஒன்றோடொன்று பற்றவைத்து, உடலே சட்டமாக நிற்கும் அமைப்பு அது. அதனால் என்ஜின் போனால் வேறு என்ஜின். கியர் போனால் வேறு கியர். ஆனால் அடிப்பெட்டி துருப்பிடித்து இற்றுப் போனால் அந்த வண்டிக்கு வேறு வண்டியைத்தான் வைக்க வேண்டும். நாற்பது வருஷத்தில் எங்கள் வண்டியில் எத்தனையோ உறுப்புக்கள் மாறிவிட்டன. கார்ப்புரேட்டர் மாறியது, ரேடியேட்டர் மாறியது, ஆசனத்தின் உறை நாலு தரம் மாறியது. மாறாமல் மிச்சமிருந்தது அந்தக் கூடு ஒன்றுதான். கெட்டுப் போனதும் அதுவேதான்.

எப்படிக் கெட்டது என்பதில் இரகசியம் ஒன்றுமில்லை. 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி இரவு அடையாறு பெருகிச் சைதாப்பேட்டைக்குள் புகுந்தபோது எங்கள் வண்டி ஆசனம் வரையில் தண்ணீரில் நின்றது. பதிவைப் புதுப்பித்து ஒரு மாதங்கூட ஆகவில்லை! தண்ணீர் வடிந்தபின் என்ஜினைப் பிரித்துக் கழுவி, எண்ணெயெல்லாம் மாற்றி, ஓட வைத்தாயிற்று. ஆனால் பெட்டிச் சட்டத்தின் உட்புறத்துக்குள் போன சேறு அங்கேயே தங்கிவிட்டது. அதை யாரால் கழுவ முடியும்? வெளியில் பச்சை வர்ணம் பளபளத்துக் கொண்டிருக்க, உள்ளே பத்து வருஷம் துரு தன் வேலையைப் பார்த்திருக்கிறது.

"சரி பண்ண முடியாதா, பாய்?" என்று கேட்டேன்.

"ஏன் முடியாது? தரையை முழுக்க வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் பண்ணணும். டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் ஆகும். மூணு மாசம் பிடிக்கும். அப்புறமும் நான் எழுதிக் கொடுக்க மாட்டேன், ஸார். அம்மாவை வைத்து ஓட்டுற வண்டி."

அவர் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தோடு எனக்கு இரண்டரை லட்சத்தைப் பற்றிய யோசனை போய்விட்டது. வண்டி ஓடுமா ஓடாதா என்பதல்லவே விஷயம், ஓடத்தான் செய்யும். பக்கத்திலிருந்து ஒரு லாரி இடித்தால் என்ன ஆகும் என்பதே விஷயம்.

"அப்படியானால் ஓட்ட வேண்டாம். மூடி வைத்து விடலாம்" என்றாள் என் தாயார், திண்ணையிலிருந்தபடியே. வயது எண்பத்து மூன்று. காது மட்டும் இருபது.

மேலுக்குப் பார்த்தால் இது எல்லாருக்கும் நியாயமாகவே தோன்றியது. காசு செலவில்லை, யார் மனமும் நோகாது, வண்டியும் வண்டியாகவே இருக்கும். நமது ஊர்களில் எத்தனையோ வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்த மோட்டார்கள் இப்படித்தான் நிற்கின்றன. ஆனால் பாய் இதற்குத்தான் எல்லாவற்றையும்விட அதிகமாக முகத்தைச் சுளித்தார். நிற்கிற வண்டி சும்மா நிற்பதில்லையாம். பெட்ரோல் ஆவியாகிக் கார்ப்புரேட்டருக்குள் கோந்து மாதிரி படிந்து விடுகிறது. பிரேக்குச் சிலிண்டரின் பிஸ்டன் இறுகி விடுகிறது. கிளச்சுத் தகடு சக்கரத்தோடு ஒட்டிக் கொள்கிறது. ரப்பர் எல்லாம் கல்லாகிறது. என்ஜினுக்குள் பிஸ்டன் வளையங்கள் துருவேறிச் சிலிண்டர்ச் சுவரோடு பிடித்துக் கொள்கின்றன. மின்சாரக் கம்பியை எலி தின்கிறது. மூன்று மழைக்காலம் போனால், இன்றைக்கு வேறொரு வண்டியில் பூட்டினால் பத்து வருஷம் உழைக்கக்கூடிய உறுப்புக்கள், எடைக்குப் போடுவதற்குத்தான் ஆகுமாம்.

இங்கேதான் எனக்கு விஷயம் தெளிவாயிற்று என்று சொல்ல வேண்டும். வண்டியை வைத்துக் கொள்வதா, விடுவதா என்று நாங்கள் இரண்டு மாதம் வாதாடியது தவறான தராசில் நிறுத்த கதை. அந்த வண்டி வண்டியாக இருக்கும் காலம் முடிந்துவிட்டது. அதை அடையாறு பத்து வருஷத்துக்கு முன்பே தீர்மானித்துவிட்டது. மிச்சமிருந்த தீர்மானம் ஒன்றே ஒன்று. அதனுள் இன்னும் உயிரோடிருக்கும் கியர்ப் பெட்டியும் டிபரென்ஷியலும் ஸ்டியரிங்கும் கதவுகளும் அதனோடு உடன்கட்டை ஏறவேண்டுமா, வேண்டாமா? தாட்சண்யத்தினால் காலம் கடத்தினால் ஏறத்தான் வேண்டும்.

பிரிப்பது என்று ஒப்புக் கொண்டபின் எங்கே பிரிப்பது? சென்னையில் பழைய மோட்டார் உறுப்பென்றால் புதுப்பேட்டை. கூவம் நதிக்கு அருகே, மோட்டார்களின் மயானமும் ஆஸ்பத்திரியும் ஒன்றாயிருக்கும் இடம். ஒரு கடையில் பம்பர்கள் வாழைத்தார்போல் தொங்கும். அடுத்த கடையில் விளக்குகளாகவே இருக்கும். அதற்கடுத்ததில் கதவுகளைத் தவிர வேறொன்றும் இராது. அங்கே ஒரு கடைக்காரர் வண்டியை முழுசாக எடுத்துக் கொள்வதாகச் சொல்லி, கௌரவமான தொகையும் சொன்னார். பதிவுப் புத்தகத்தை என்ன செய்வது என்று கேட்டேன். "அது உங்க கிட்டவே இருக்கட்டும் ஸார், ஞாபகத்துக்கு" என்றார்! வண்டி அழிந்தாலோ நிரந்தரமாய் உபயோகமற்றுப் போனாலோ சொந்தக்காரர் 14 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்துப் பதிவுப் புத்தகத்தை ஒப்படைக்க வேண்டும் என்று சட்டத்தின் 55-ஆவது பிரிவு சொல்கிறது. அப்படிச் செய்யாவிட்டால் ஊரில் இல்லாத வண்டிக்கு நாம் சொந்தக்காரராக இருந்து கொண்டிருப்போம். நமது எண் பலகையை வேறொரு வண்டியில் மாட்டிக் கொண்டு எவனாவது ஒரு காரியம் செய்தால், போலீஸார் காபி சாப்பிட நம் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

சர்க்கார் 2021-ல் விதி வகுத்து, வாகனங்களை உடைப்பதற்கென்றே பதிவு பெற்ற நிலையங்களை ஏற்படுத்தியிருக்கிறார்கள். வண்டியைக் கொடுத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்குகிறவருக்கு மோட்டார் வரியில் 25 சதவீதம் வரையில் சலுகை தரவும் விதியில் இடமிருக்கிறது. ஒழுங்கான ஏற்பாடுதான், வண்டி தெருவில் மறைந்து போகாமல் கணக்கில் முடிகிறது. ஆனால் நான் விசாரித்த நிலையத்தில் எங்கள் வண்டியை எடைக்குத்தான் மதித்தார்கள். ஆயிரத்து நூறு கிலோ சொச்சம் இரும்பு. கியர்ப் பெட்டியும் அவர்களுக்கு இரும்பு, கதவும் இரும்பு.

ஆகவே பாயின் யோசனைப்படி இரண்டையும் கலந்து செய்தோம். பதிவு முடியும் முன்பே, உபயோகப்படும் உறுப்புக்களை எங்கள் வாசலிலேயே கழற்றுவது. வண்டி எண்ணும் என்ஜின் எண்ணும் பொறித்த பாகங்களை ஒருவருக்கும் கொடாமல், கூட்டோடு சேர்த்து நிலையத்தில் ஒப்படைத்துப் பதிவை ரத்துச் செய்வது. என்ஜின் பிளாக்குக்கு மட்டும் தனியாக ஓர் ஆள் நல்ல விலை கேட்டார். பாய் கண்டிப்பாக மறுத்துவிட்டார்.

உறுப்புக்களை வாங்கிக் கொள்ள வந்தவர் காஞ்சீபுரத்துக்காரர். இரண்டு வெள்ளை அம்பாஸிடர்களை வைத்துக் கல்யாண ஊர்வலங்களுக்கு வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்துகிறார். மாப்பிள்ளை அழைப்புக்கு இப்போது பழைய வண்டிதான் வேண்டும் என்று கேட்கிறார்களாம். ஒரு வண்டி கியர் உடைந்து ஆடி மாதத்திலிருந்து நிற்கிறது. இன்னொன்றின் பின் கதவு இற்றுப் போய்க் கயிற்றால் கட்டியிருக்கிறது. தை பிறந்தால் முகூர்த்தங்கள். அவர் எங்கள் வண்டியைச் சுற்றி வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். வெள்ளத்தில் நனைந்தும் கதவுகள் கெட்டியாகவே இருந்தன. வடிகால் துவாரங்களை என் தகப்பனார் கம்பி விட்டுச் சுத்தம் செய்வதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் எல்லாருக்கும் அது பழகியிருந்தது.

விலை பேசும் சமயத்தில் என் தாயார் அவரை அருகில் அழைத்தாள்.

"ஏம்ப்பா, இதையெல்லாம் கொண்டு போய் உன் வண்டியில் போட்டால் ஓடுமா?"

"ஓடும், அம்மா. தை மாசம் பூராவும் ஓடும்."

"அப்போ சரி. ஆனால் பாதி விலைக்குக் கேட்காதே. டாக்டர் வண்டி."

கடைசியில் முக்கால் விலைக்குப் படிந்தது. கியர்ப் பெட்டி, டிபரென்ஷியல், ஸ்டியரிங் பெட்டி, நான்கு கதவுகள், முன் கண்ணாடி, டைனமோ, பம்பர்கள் ஆகியவற்றைப் பாயும் அவருடைய பையனும் இரண்டு நாளில் கழற்றினார்கள். வண்டியைப் பிரிக்கும்போது வீட்டிலிருக்க மாட்டேன் என்று சொல்லியிருந்த என் தாயார், இரண்டு நாளும் நாற்காலியைப் போட்டுக் கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்தத் திருகாணி எந்த டப்பாவில் போகிறது என்று பார்த்துக் கொண்டிருந்தாள். பின் ஆசனத்தைத் தூக்கியபோது அடியில் ஒரு தெர்மாமீட்டரும், எட்டணா நாணயம் ஒன்றும், என் தம்பியின் பள்ளிக்கூடத்துக் காம்பஸும் கிடைத்தன. கூடு நவம்பர் முதல் வாரத்தில் லாரியில் ஏறிப் போயிற்று. பாதி உறுப்புக்கள் இல்லை என்று நிலையத்தில் விலையைக் குறைத்தார்கள், நியாயந்தான்.

பொங்கல் கழிந்த மறுவாரம் காஞ்சீபுரத்துக்காரர் டெலிபோன் செய்தார். இரண்டு முகூர்த்தம் ஓட்டியாகி விட்டதாம். கதவுக்கு வெள்ளை வர்ணம் அடித்தாயிற்றாம். எல்லாம் சரிதான், ஆனால் முதல் கியரிலிருந்து இரண்டாவது கியருக்கு மாற்றும்போது மட்டும் கொஞ்சம் முரண்டு செய்கிறதே, பெட்டியைப் பிரித்துப் பார்க்கட்டுமா என்று கேட்டார்.

நான் பாயைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். அதற்குள் உள்ளேயிருந்து என் தாயாரின் குரல் வந்தது.

"பிரிக்க வேண்டாம் என்று சொல்லுடா. அது புதுசிலேயே அப்படித்தான். உங்க அப்பா நடுவிலே ஒரு நிமிஷம் நிறுத்தி, அப்புறந்தான் போடுவார்."